துண்டு போட்டு மூடிய திரை

எனக்கு ஓரிடத்தில் நிலையாக உட்காரத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா திட்டுவாள். அப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் ஒரு பரம்பரை நோய் வந்து, கையும் காலும் தன்பாட்டுக்கு ஆட ஆரம்பித்த பிறகு அம்மா அந்தத் திட்டை நிறுத்திவிட்டாள்.

பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். தம்பிக்கு வந்துவிட்டது. லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன், ஸ்க்ரூவைப் பிடிக்க முடியாமல் வேலையை விட்டான். எனக்கு இருக்கிறதா, இல்லையா? ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். ஒன்பது வருடமாக நான் கொடுக்கவில்லை. யார் கேட்டாலும் வெடுக்கென்று பேச்சை மாற்றிவிடுவேன்.

தையல் கம்பெனியில் துணி வெட்டுவது என் வேலை. முப்பது அடுக்குத் துணியை ஒரே மூச்சில் வெட்ட வேண்டும். கை கொஞ்சம் பிசகினால் முப்பது சட்டை பாழ். போன மாதம் இரண்டு தரம் பிசகியது. சரியாகத் தூங்கவில்லை என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன்.

தம்பிக்கு வீட்டில் வைத்து மிதிக்க ஆஸ்பத்திரியில் ஒரு சைக்கிள் கொடுத்திருந்தார்கள். நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள். வாரத்துக்கு மூன்று நாள், நாற்பது நிமிடம், மூச்சு வாங்க வாங்க மிதிக்க வேண்டும்.

"இதால நோய் போகாதுங்க. ஆனா உடம்புல தெம்பு இருக்கும். இன்னும் கொஞ்ச காலம் அவர் கால்லயே அவர் நடக்கலாம்," என்று பயிற்சி சொல்லித்தந்த பிசியோ பெண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தாள்.

நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் இதயத்துடிப்பு பதிவாகும். மிதிப்பது சீராக இருக்கிறதா என்பது திரையில் கோடாக ஓடும். இரண்டும் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கும் போய்விடும். சீராக மிதித்தால் கோடு நேராக வரும்; தம்பியின் கோடு ரம்பப் பல் மாதிரி இருக்கும். மொத்தம் எட்டு நாள் தவறினால் சைக்கிளை எடுத்துப்போய், காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் நாட்களை எண்ணிக்கொண்டே இருப்பேன். அவனுக்கோ அந்தக் கவலையே கிடையாது.

"இன்னைக்கு முடியலக்கா. எனக்குப் பதிலா நீயே மிதிச்சிடேன்."

"நோய் உனக்காடா, எனக்காடா?"

"ஒரு நாள்தானேக்கா."

ஒரு நாள் ஏழு நாளாயிற்று. ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கத் திட்டிவிட்டு, அவன் பட்டையைக் கட்டிக்கொண்டு ஏறுவேன். ஏறுவதற்கு முன் திரைமேல் துண்டைப் போட்டு மூடிவிடுவேன். என் கோட்டை நான் பார்க்கக்கூடாது. கழுத்து ஒரு பக்கம் வெட்டிவெட்டி இழுக்க, அவன் எதிரே உட்கார்ந்து என் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பான்.

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிசியோ பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இந்த ஏழு நாள் மிதிச்சது இவர் இல்ல. யாரு?"

கையும் களவுமாக மாட்டியாயிற்று. "நான்தாங்க. சைக்கிளை மட்டும் எடுத்துடாதீங்க," என்று கெஞ்சினேன். கெஞ்சுகிற வாயை அதோடு மூடியிருக்கலாம். "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றும் கேட்டுத் தொலைத்தேன். கேட்டதும் பகீரென்றது. "வேணாம், சொல்லாதீங்க!" என்றேன்.

"இதயத்துடிப்பு காட்டிக் குடுத்துடுச்சு. இவர் சாப்பிடுற மாத்திரைக்கு அது இவ்வளவு ஏறாது."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். என் கால்கள் எதையும் சொல்லவில்லை. அவ்வளவு போதும் எனக்கு.

"ஏழு நாளையும் தவறினதாத்தான் போடணும். இன்னும் ஒரு நாள் போச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது," என்றாள். கிளம்பும்போது என்னை மட்டும் நிறுத்தி, "நீங்க எப்ப வேணாலும் வந்து என்கிட்ட பேசலாம்," என்றாள். எனக்கென்ன பேச்சு என்று எரிச்சலாக இருந்தது.

பஸ்ஸில் அவனை வெளுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே சைக்கிளில் ஏறிவிட்டான். நான்தான் ஓடிப்போய் பட்டையைக் கட்டினேன். பத்து நிமிடம், இருபது நிமிடம். கால் நழுவும், பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப வைப்பான். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. நாற்பது முடிந்தும் இறங்கவில்லை.

"போதும், இறங்குடா. என்ன திடீர்னு ஞானோதயம்?"

"நான் வேணும்னேதான்க்கா உன்னை மிதிக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

"நீ ரத்தம் குடுக்க மாட்டேங்கற. எனக்கு உன் கவலைதான். உன் கோட்டைப் பாத்துட்டா மனசு ஆறும்னு நெனச்சேன்."

"நான்தான் மூடிட்டேனே!"

"துண்டு திரைமேலதானே கெடந்துச்சு. உள்ள எல்லாம் பதிவாயிருக்கு. நீ வேலைக்குப் போனதும் எடுத்துப் பாத்தேன்."

"ஒரு தடவை பாத்தா போதாதா? எதுக்குடா ஏழு தடவை?"

அவன் முகம் எப்போதும் தானாகவே சுளிக்கும். சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்கே பல நேரம் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது.

"ஒரு தடவையாவது நேரா வரும்னு பாத்தேன்க்கா."

என் கோடு அவன் கோடு மாதிரி இல்லாமல் இருந்திருந்தால், பிசியோ பெண் இதயத்துடிப்பு வரைக்கும் போயிருக்கவே வேண்டாம். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருட்டுப் பயலே என்று கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கை நடுங்கியது. கோபத்தால்தான் என்று சொல்லிக்கொள்ள இந்தத் தடவை வாய் வரவில்லை.

"இனிமே ஒரு நாளும் விடமாட்டேன். நான் நடமாடினாத்தானே உன்னைப் பாத்துக்க ஆள் இருக்கும்," என்றான், மூச்சு வாங்கிக்கொண்டே, காலை நிறுத்தாமல்.

துண்டை எடுத்து அவன் முகத்தையும் கழுத்தையும் அழுத்தித் துடைத்தேன். "கோடு சொல்லிட்டா ஆச்சா? ரத்தம் சொல்லணும்டா. நாளைக்கே போய்க் குடுக்கறேன்," என்றேன். "இப்ப இறங்கு."

"இன்னும் அஞ்சு நிமிஷம்க்கா."

"இறங்குடாங்கறேன். இனி எனக்கும் நாற்பது நிமிஷம் இருக்கு."

அவன் இறங்கினான். துண்டை அவன் தோளில் போட்டுவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன்.