அவள் எடுத்த முதல் ரோல்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவருடைய பிழைப்பு. போட்டோ எடுப்பதுதான் உயிர். நாற்பது வருடமாக பிலிம் கேமராதான். ஊரே போனில் படம் எடுக்கத் தொடங்கிய பிறகும் அவர் அசைந்துகொடுக்கவில்லை. அலமாரியில் ஆறு கேமராக்கள் இருந்தன. தூசி தட்டக்கூட யாரையும் அண்டவிடமாட்டார். "அப்பாவுக்கு மொத்தம் ஏழு பொண்ணுங்க. தோல் உறை இல்லாதவ நான் ஒருத்திதான்" என்பாள் மகள்.

இவ்வளவு இருந்தும், போட்டோ சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அவர் படம் சுவரேறியது. அதுவும் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய வார்டில் மூத்தவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியக்கா ஓய்வு பெற இரண்டு வாரம் இருக்கும்போது மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, ஒரு கேமரா குடுங்களேன். பெரியக்காவை நாலு படம் எடுத்து வச்சுக்கறேன்."

"போன்ல எடேன்."

"போன்ல எடுத்த படத்தை எவன் பாக்கறான்னு நீங்கதானே சொல்வீங்க?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இருப்பதிலேயே சின்ன கேமராவை எடுத்து, கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றைப் போட்டு, வெளிச்சத்தைப் பற்றி அரை மணி நேரம் பாடம் நடத்தினார்.

"சரி சரி, எதை அழுத்தணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, அவள் எடுத்து முடித்துக் கொடுத்த ரோலைக் கழுவினார். ஈரம் சொட்டச் சொட்டக் கொடியில் தொங்கவிட்டு, ஜன்னல் துணியை விலக்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நெகட்டிவைப் பார்த்தே படம் எப்படி வரும் என்று சொல்லிவிடுகிற கண் அவருக்கு.

பதினொன்றாவது படத்தில் அப்படியே நின்றுவிட்டார். நர்ஸுகள் உடை மாற்றும் அறை. பெரியக்கா கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கையாலும் முடியை அள்ளிச் சுருட்டிக்கொண்டு, யாரோ சொன்னதற்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் பெஞ்சில் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தார்கள். எதிரே ஒரு கேமரா இருக்கிற நினைப்பே ஒருத்திக்கும் இல்லை.

நாற்பது வருடமாக அவர் ஏங்கியது இதற்குத்தான். அவர் கேமராவைத் தூக்கினாலே எதிரில் நிற்பவர்கள் விறைத்துப்போவார்கள். இவளோ, எதை அழுத்துவது என்று கேட்டுக்கொண்டு போனவள்! அவருக்கு வயிறு எரிந்தது. பதினான்கு, பதினைந்து, இருபது என்று பார்க்கப் பார்க்க எரிச்சல் ஏறியதே தவிர இறங்கவில்லை.

"வந்துச்சா?" கதவுக்கு வெளியே மனைவியின் குரல்.

"ஒண்ணும் வரல. வெளிச்சம் பட்டு மொத்தமும் போச்சு."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"நான்தான் எதையாவது தப்பாத் திறந்திருப்பேன். அக்காகிட்ட என்னன்னு சொல்வேன்?" என்று முனகியபடி அவள் நகர்ந்தாள். மறுநாள் நெகட்டிவைக் கடைக்குக் கொண்டுபோய் இழுப்பறையில் பூட்டினார்.

பெரியக்காவின் பிரிவுபசார விழாவுக்குத் தம்முடைய நல்ல கேமராவோடு அவரே போனார். அவளுக்கு வந்தது எனக்கு வராமலா போய்விடும் என்று உள்ளுக்குள் ஒரு வீம்பு.

"அக்கா, முடியை அள்ளிக்கிட்டு, கொண்டை ஊசியைப் பல்லுல கடிச்சு, லேசா சிரிங்க பாப்போம்."

"ஐயய்ய, நீங்க எடுத்தா எக்ஸ்ரேக்கு நிக்கற மாதிரில்ல இருக்கு!" என்றாள் பெரியக்கா. கூட்டமே சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டாள். "ஊசியைப் பல்லுல கடிச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேமரா உறையின் பட்டனைத் திறந்து திறந்து மூடினார்.

"என் படம் வந்திருக்கு. அப்படித்தானே?"

"வந்திருக்கு."

"அப்புறம் ஏங்க?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். "நாப்பது வருஷத்துல எனக்கு அப்படி ஒண்ணு அமையல. பொறுக்கல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று நாள், "சாப்பாடு மேஜையில இருக்கு" என்பதைத் தவிர ஒரு பேச்சில்லை. நாலாம் நாள் சொன்னாள்: "முப்பத்தாறையும் பெரிசா பிரிண்ட் போடுங்க. அக்காவுக்கு ஒரு செட். அந்தச் சின்ன கேமரா இனிமே என்னுது."

போட்டார். எவ்வளவு பொறாமை இருந்தாலும் ஒரு பிரிண்டை மோசமாகப் போட அவருக்குக் கை வராது. பெரியக்கா பதினொன்றாவது படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நானா இது?" என்று கேட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மனசு கேட்காமல் அந்தப் படத்தை அவரே சங்கத்துக்கும் எடுத்துப்போனார். நடுச்சுவரில் மாட்டினார்கள். கண்காட்சியன்று மனைவியும் கூட வந்திருந்தாள். சங்கத் தலைவரான பல் டாக்டர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கடைசியில சாதிச்சுட்டீங்களே சார்!"

ஒரு மூச்சு நேரம், பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

"நான் இல்ல, டாக்டர். என் வீட்டுக்காரி எடுத்தது."

டாக்டரின் கை சட்டென்று அவரை விட்டுவிட்டு அவள் பக்கம் போனது. மனைவி தன் கைப்பையை இவரிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள். சாயங்காலம் முழுக்க அதைப் பிடித்தபடி, பிரிண்டைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்வார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது அவள் கேட்டாள். "அந்த நீள லென்ஸ் வச்ச கேமராவை ஒரு வாரம் குடுப்பீங்களா?"

"அதெல்லாம் முடியாது" என்றார், அவள் கேட்டு முடிப்பதற்குள்.

அவள் சிரித்துவிட்டாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.