கறுப்புத் துணிக்குள் அக்கா

அக்காவின் கணவருக்குப் புரொபசர் என்று பெயர் வைத்தது யார் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. அவர் எந்தக் கல்லூரியிலும் பாடம் எடுத்தவரில்லை. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கோப்புகளைத் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவர். எப்போதோ யாரோ கிண்டலுக்கு வைத்த பெயரை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். அந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் திரும்பிப் பார்ப்பார்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி நிறையப் பழைய கேமராக்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒவ்வொன்றாக எடுத்து மெல்லிய துணியால் துடைத்து வைப்பார். எதிலும் ஃபிலிம் கிடையாது. "கருவியை முழுசாப் புரிஞ்சுக்காம படம் எடுக்க இறங்கக் கூடாது" என்பது அவர் கொள்கை. வாழ்நாள் முழுக்கப் புரிந்துகொண்டே இருந்தார்.

அவருடைய மச்சினி, அதாவது அக்காவின் தங்கை, படம் எடுத்தே பிழைத்தாள். குடும்பத்தில் அவளைப் படக்காரி என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மாதச் சம்பளம் இல்லை, வேன் ஒன்று வைத்துக்கொண்டு தன்னந்தனியாக ஊர் சுற்றுகிறாள் என்ற மூன்று புகார்களையும் அந்த ஒரு பெயரில் அடக்கிவிட்டார்கள். இடிக்கப்போகிற கட்டடங்களை இடிப்பதற்கு முன்னால் பதிவு செய்வது அவள் வேலை. அதற்கு அவள் வைத்திருந்தது துருத்தியோடு கூடிய பெரிய மரக் கேமரா. பின்புறம் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் எதிரே இருப்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். கூர்மை சரியாக அமைந்ததும் உள்ளங்கையைவிடப் பெரிய ஃபிலிம் தாள் ஒன்றைச் செருகி ஒரே ஒரு படம் எடுக்கலாம். அந்தப் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஆணியின் தலை ஆணியின் தலையாகவே தெரியும். கேமரா ஆடாமல் இருந்தால்.

துறைமுகத்தில் இருந்த தானியச் சேமிப்புக் கோபுரத்தை இடிக்கப்போகிறார்கள் என்று ஆவணக் காப்பகத்தார் அவளை அழைத்தபோதுதான் கேமராவைத் தாங்கும் அவளுடைய பழைய இரும்பு ட்ரைபாடின் ஒரு கால் பூட்டு தேய்ந்து நழுவ ஆரம்பித்திருந்தது. இது அக்கா வழியாகப் புரொபசர் காதுக்குப் போயிற்று. அவர் பெரிய மனசு பண்ணி, தன்னிடமிருந்த கார்பன் ட்ரைபாட் ஒன்றை உறையோடு கொண்டுவந்து கொடுத்தார்.

"ராக்கெட்ல போடற பொருள். நீ இதுவரைக்கும் தொட்டிருக்கவே மாட்ட" என்றார்.

குடையைத் தூக்குவது போல இருந்தது. அப்போதே அவளுக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அவசரம், வாங்கிக்கொண்டாள். கோபுரத்துக்கு எதிரே இருந்த கிடங்கின் மொட்டை மாடியில் கடல் காற்று அடித்த வேகத்தில் அந்த ராக்கெட் பொருள் காய்ச்சல் வந்தவன் போல நடுங்கியது. கழுவி எடுத்த நெகட்டிவ்களில் கோபுரத்தின் இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை.

நெகட்டிவ்களை அவள் புரொபசர் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். அவர் எட்டவே நின்று பார்த்தார்.

"ட்ரைபாட்ல தப்பு இருக்க வாய்ப்பே இல்ல. உனக்குக் கை நடுங்குது. வயசானா வரும்."

"கேமராவை நான் தொடவே இல்ல மாமா. கேபிள் வச்சு எட்ட நின்னுதான் அழுத்தறேன்."

"கேபிளைப் பிடிக்கறது கைதான?"

அக்கா காபி டம்ளர்களை மேசையில் வைத்துவிட்டு, "அவரு சொல்றதும் சரியா இருக்கலாம் இல்ல?" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்கா சொல்லிவரும் வாக்கியம் அது. படக்காரிக்குப் புரொபசர் மேல் இருந்த இளப்பத்தில் பாதி, இந்த வாக்கியத்துக்காக அக்கா மேலும் உண்டு. வாயில்லாப் பூச்சி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

சில நாளில் ஆவணக் காப்பக அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். குரலில் வழக்கமாக இல்லாத கனிவெல்லாம் இருந்தது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். சிரமமா இருந்தா வேற ஆளை வச்சுப் பாத்துக்கறோம்."

"யார் சொன்னாங்க?"

"உங்க வீட்ல பெரியவர்தான். காலைல பூங்காவுல ஒண்ணா நடப்போம். ரொம்ப வருத்தப்பட்டார். கை நடுக்கம்னு."

அவளுக்கு உச்சந்தலை வரை சுட்டது. "அடுத்த வாரம் படம் கொண்டு வந்து தர்றேன் சார். அதைப் பாத்துட்டு என் உடம்பைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கனமான மர ட்ரைபாட் ஒன்று வாங்குவது என்று அன்றே முடிவு செய்தாள். இரும்பைத் தட்டினால் மணி மாதிரி அதிர்ந்துகொண்டே இருக்கும். மரம் அதிர்வைத் தனக்குள் விழுங்கிக்கொள்ளும். ஒரு திருகு கழன்றாலும் வீட்டிலேயே முடுக்கிக்கொள்ளலாம். இதெல்லாம் அவள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. தூக்க அலுத்துக்கொண்டு இத்தனை காலம் ஒத்திப்போட்டிருந்தாள்.

பழைய கருவிகள் விற்கும் கடை ஒன்று கண்ணாடிக் கடைத் தெருவில் இருந்தது. அக்காவுக்கும் அன்று அதே தெருவில் புது மூக்குக் கண்ணாடி வாங்க வேண்டியிருந்ததால் வேனில் கூட வந்தாள். அக்கா வந்தால் புரொபசர் வராமல் இருப்பாரா. "நீங்க ரெண்டு பேரும் போனா மரக்கட்டையை வாங்கிட்டு வந்து நிப்பீங்க" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வழி நெடுக மரத்தின் குறைகளை விளக்கினார். மரம் ஊறும், மரம் சுருங்கும், மரத்தைக் கரையான் தின்னும்.

முதலில் அக்காவுக்குக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு, பிறகு கருவிக் கடைக்குப் போனார்கள். கடை குகை மாதிரி நீண்டு கிடந்தது. தராசுகள், தொலைநோக்கிகள், தையல் இயந்திரங்களின் தலைகள். கடைக்காரர் பல் குத்திக்கொண்டே உள்ளேயிருந்து வந்தார். கேட்டது படக்காரி, பதில் சொன்னது புரொபசருக்கு.

"மர ட்ரைபாடா சார்? மூணு இருக்கு சார்."

முதலாவது கறுத்த பளபளப்பான மரம், பித்தளைப் பூண், பித்தளைச் சங்கிலி. புரொபசர் அதன் முன்னால் நின்றவர் நகரவில்லை. "இதுதான் வேலைப்பாடு" என்றார். படக்காரி அதன் ஒரு காலைப் பிடித்து லேசாக முறுக்கினாள். பிழிந்த துணி போலத் திருகிக்கொண்டு வந்தது. மேல்தட்டில் மின்கம்பி நுழைக்கத் துளை போட்டிருந்தது.

"இது விளக்கு வைக்கற ஸ்டாண்டு" என்றாள்.

"விளக்கும் வைக்கலாம் சார்" என்றார் கடைக்காரர், புரொபசரைப் பார்த்து.

இரண்டாவது புத்தம் புதுசு. நடுவில் உயர்த்தி இறக்குகிற கம்பம் இருந்தது. மூன்று கால்களைக் கஷ்டப்பட்டுச் செய்து, அதன் உச்சியில் ஒற்றைக்கால் ஒன்றை நட்டு வைத்தவனுக்கு என்ன புத்தி இருந்திருக்கும் என்று அவளுக்கு எப்போதுமே புரிந்ததில்லை. மூன்றாவது, சர்வேயர்கள் நிலம் அளக்க வைத்திருந்தது. பச்சைப் பெயின்ட் உரிந்து, உள்ளே வெளிறிய மரத்தின் ரேகை நேராக ஓடியது. பாதத்தில் இரும்புக் கூர்முனைகள், மிதித்து இறக்க ஒரு பட்டை. தூக்கியபோது தோள் இறங்கியது. பார்க்க லட்சணமே இல்லை.

பார்த்ததை நம்பி வாங்குகிறவள் இல்லை அவள். வேனிலிருந்து கேமராவை எடுத்து வந்தாள். சர்வேயர் ட்ரைபாடின் திருகு கேமராவுக்குப் பொருந்தவில்லை. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு தகர டப்பாவைக் கிளறி, இடையில் வைக்கும் தட்டு ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு ட்ரைபாட் மேலும் கேமராவை ஏற்றி, கடை வாசல் வழியாக எதிர்ச்சாரி மருந்துக்கடைப் பலகையைக் கண்ணாடியில் கொண்டு வருவது, ஒருவர் காலைத் தட்ட, ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பலகை எழுத்து எத்தனை நேரம் ஆடுகிறது என்று பார்ப்பது. இதுதான் சோதனை.

"நீங்க பாக்கறீங்களா மாமா?"

"எனக்குப் பாக்கணும்னு அவசியம் இல்ல. பாக்காமலே தெரியும்."

"அக்கா, நீ வா."

அக்கா புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தயங்கித் தயங்கிக் கறுப்புத் துணிக்குள் போனாள். பிறகு, "அடியம்மா, எல்லாம் கவுந்து கிடக்கு" என்று குரல் வந்தது. படக்காரி விரல் முட்டியால் காலைத் தட்டினாள்.

விளக்கு ஸ்டாண்டுக்கு, "ஆடுது. ஆடுது. இன்னும் ஆடுது." நடுக்கம்பம் வைத்ததற்கு, "ஆடுது. இப்பதான் நின்னுது." பச்சை ட்ரைபாடுக்கு, "தட்டினியா?"

"தட்டிட்டேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. பலமாத் தட்டு."

படக்காரி காலால் உதைத்தாள். "இப்ப லேசா. நின்னுடுச்சு."

புரொபசருக்குப் பொறுக்கவில்லை. வேனுக்குப் போய்த் தன் கார்பன் ட்ரைபாடை எடுத்து வந்து, "இதை வச்சுப் பாருங்க, அப்பத் தெரியும்" என்றார். வைத்தார்கள். தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. வெளியே ஒரு லாரி போயிற்று.

"இது ஆடுதுங்க" என்றாள் அக்கா.

"நல்லாப் பாரு."

"நல்லாத்தாங்க பாக்கறேன். மருந்துக்கடை போர்டு ரெண்டாத் தெரியுது."

"உன் கண்ணுல கோளாறு."

"இப்பதான கண்ணாடி வாங்கினேன். நீங்கதான் செலக்ட் பண்ணீங்க."

கடைக்காரர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். புரொபசர் அவர் பக்கம் திரும்பி, பெண்களுக்கு அதிர்வெண் பற்றிய அடிப்படை தெரியாததை விளக்கத் தொடங்கினார். விளக்கும்போது கையை வீசி நடக்கிற பழக்கம் அவருக்கு. நடந்தவர் நேராகக் கேமராவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு விளக்கினார். துணிக்குள் அக்காவின் முதுகு குலுங்கியது. படக்காரி பயந்துபோனாள், அழுகிறாளோ என்று.

"என்னக்கா?"

துணிக்குள்ளிருந்து முதலில் மூச்சுதான் வந்தது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவரு தலைகீழாத் தொங்கறாருடி. வவ்வால் மாதிரி. ஆனா பேச்சு மட்டும் நிக்கல."

கடைக்காரருக்குப் புரையேறியது. புரொபசரின் முகம் சிவந்தது. "வெளிய வா" என்றார்.

"கொஞ்சம் இருங்க. பாத்துக்கிட்டு இருக்கேன்."

"வான்னு சொல்றேன்ல."

"நீங்க அங்கேயே நில்லுங்க, நல்லாத் தெரியறீங்க."

படக்காரிக்கு அந்தக் குரலைக் கேட்க விசித்திரமாக இருந்தது. சின்ன வயதில் இரண்டு பேரும் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பெரியவர்களைக் கேலி செய்த காலத்துக் குரல். இத்தனை வருஷம் அதை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. புரொபசர் மேலும் இரண்டு தடவை கூப்பிட்டார். துணி அசையவில்லை. கடைசியில் அவர் தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள வேறு வழியில்லாமல் விளக்கு ஸ்டாண்டை விலை பேசி வாங்கி, டாக்ஸி ஒன்றைக் கூப்பிட்டு, அதன் மூன்று கால்களும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலையில் சகோதரிகள் இருவரும் கிடங்கு மாடிக்கு ஏறினார்கள். பச்சை ட்ரைபாடை மாற்றி மாற்றித் தோளில் வைத்துக்கொண்டார்கள். அக்காவுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் திரும்பிப் போகலாம் என்று சொல்லவில்லை. மாடியின் தார்ப்பூச்சில் கூர்முனைகளை மிதித்து இறக்கினாள் படக்காரி. காற்று முந்தைய தடவையைவிட மோசம். அக்கா பெரிய குடையை விரித்துக் கேமராவுக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, தன் புடவை முந்தானை பறப்பதைச் சட்டை செய்யாமல் நின்றாள். படக்காரி ஷட்டரைத் திறந்து, மூடினாள்.

படம் தேறியது. ஏணியில் படிக்கு ஒரு படிதான். துரு வழிந்த தடம்கூடக் கோடு கோடாக விழுந்திருந்தது. காப்பக அதிகாரி பெரிதாக்கிய பிரதியில் மூக்கு படும்படி குனிந்து பார்த்து, "பிரமாதம்" என்றார். பிறகு, "உடம்பு இப்ப தேவலையா?" என்றார்.

"எனக்குத் தேவலைதான். உங்க பூங்கா நண்பரை விசாரிங்க" என்றாள் அவள்.

படத்தைக் காப்பக வாசலில் பெரிதாக மாட்டினார்கள். படத் திறப்பு விழாவுக்குப் புரொபசர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து படத்துக்கு முன்னால் இடம் பிடித்துக்கொண்டார். "மரம் அதிர்வை உறிஞ்சிடும். நான்தான் கூடப் போய்ப் பாத்து வாங்கிக் கொடுத்தேன்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கொஞ்சம்கூடக் கூசவில்லை. அவர் திருந்துவார் என்று ஒரு நிமிஷம் நினைத்த தன் முட்டாள்தனத்தை எண்ணிப் படக்காரி வெறுப்போடு பழரசத்தை விழுங்கினாள். அக்கா விழாவுக்கு வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாளாம்.

ஆனால் அந்த முழங்கால் அடுத்த வாரமே, கைவிடப்பட்ட ரயில் பட்டறை ஒன்றில் படக்காரியோடு தண்டவாளம் தண்டவாளமாகத் தாண்டியது. மதியம் ஒரு ஃபிலிம் தாள் மிச்சம் இருந்தது. "நான் ஒண்ணு எடுக்கட்டுமா?" என்று கேட்டாள் அக்கா.

பட்டறையின் உயரமான இரும்பு வளைவுகளை விட்டுவிட்டு, காவலாளி உட்கார்ந்து உட்கார்ந்து குழிவிழுந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் பக்கம் கேமராவைத் திருப்பினாள். படக்காரிக்கு வயிறு எரிந்தது. ஃபிலிம் என்ன விலை, இதற்கா இந்தக் கேமரா, பின்னால் சுவர் வெறிச்சென்று இருக்கிறது, வெளிச்சம் தட்டை, நாற்காலியை யாராவது படம் எடுப்பார்களா என்று ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னாள். கையை நீட்டி நீட்டி, சுற்றி நடந்து, பொறுமையாகத்தான் விளக்கினாள்.

துணிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுடி. வெளிச்சத்தை மறைக்கற."