போதும், ரொசேலியா

"கையை எடு," என்றபடி படுக்கை விரிப்பை ரொசேலியாவின் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள் பக்கத்து வீட்டுப் பெத்ரோனா. "அப்பன் துணியைப் பொண்ணு துவைக்கக் கூடாது. போற உசிரு திரும்பிப் பார்க்கும். தெரியாதா உனக்கு?"

தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. அப்பா படுத்த படுக்கையாகிவிட்ட இரண்டு வருடமாக விடிந்தால் அந்த விரிப்பைத்தான் அலசிக்கொண்டிருந்தது.

அப்பாவைப் புதைத்து ஒரு வாரம். அவர் உசிரை வழியனுப்பும் சடங்காகத் துவைக்க, தெருப் பெண்கள் அவருடைய துணிகளை வாய்க்கால் ஓரம் பிரித்துப் போட்டார்கள். ரொசேலியா ஒரு கல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் இடுப்பு இவ்வளவு வலிப்பது தெரிந்தது.

சுரங்க வேலையிலிருந்து வந்திருந்த தம்பி எவாரிஸ்தோ பக்கத்தில் உட்கார்ந்து, களைப்பு தெரியாமல் மெல்லும் கோக்கா இலைப் பையை நீட்டினான்.

"கடைசியா அப்பா ஏதாவது சொன்னாராக்கா?"

"பாடினாரு."

"என்னத்த?"

"வாய்க்கால் தூர்வாரும்போது பாடுவாரே, அதத்தான்."

அட்டகாமாப் பாலைவனத்து ஊர்களில் இப்போது எல்லோருக்கும் ஸ்பானிஷ்தான். முன்னோர் பேசிய குன்சா மொழியில் இவர்களுக்கு மிஞ்சியது அந்தப் பாட்டு மட்டும். பாடுகிறவருக்கும் அர்த்தம் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும் என்பார்கள்.

"என் பேரச் சொல்லலியா?"

"என் பேரையே சொல்லலடா." குரலில் கோபம் இல்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. "என்னையே பார்த்துக்கிட்டுப் பாடினாரு. தண்ணி கேக்குறாரோன்னு கரண்டியில ஊத்தினேன், துப்பிட்டாரு. கம்பளியை ஏத்தி விட்டேன், அதுவும் இல்ல. இத்தனை நாள் பார்த்துக்கிட்டதுக்கு, எனக்குப் புரியுற மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"உன்னத்தான் ஏதோ நல்லபடியா சொல்லியிருப்பாரு."

"திட்டியிருந்தா?"

"திட்டுறதுக்கு அவருக்கு ஸ்பானிஷ் தாராளமா இருந்துச்சே."

ரொசேலியாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

கீழேயிருந்து பெத்ரோனா குரல் கொடுத்தாள். "நூலாட்டம் வருது தண்ணி. உங்கப்பனை அழுக்குத் துணியோடவா அனுப்புறது?"

எவாரிஸ்தோ எழப் போனான். அவன் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு ரொசேலியா வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் மேட்டில் ஏறினாள். அப்பா வருடாவருடம் நின்று பாடும் மடை அது. பலகை இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டித் தூக்கினாள்.

முதலில் வண்டல் போனது. பிறகு தெளிந்த தண்ணீர். கீழே பெண்கள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பது கேட்டது.

"போதும்," என்றாள் பெத்ரோனா. சற்றுப் பொறுத்து, மெதுவாக, "போதும், ரொசேலியா."

அவள் பலகையை இறக்கவில்லை. தண்ணீர் போகும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு, பிடித்தபடியே நின்றாள்.