அவள் போகாத கச்சேரி

எக்ஸ்ரே அக்கா என்று சொன்னால் அந்த ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடலாம்" என்று நாள் முழுக்கச் சொல்லி அது வாயில் ஊறிப்போய்விட்டது. வீட்டில் கணவர் எதற்காவது எகிறினாலும் அதையேதான் சொல்வாள். அவரும் பாதிக் கோபத்தில் சிரித்துவிடுவார்.

அவளுக்கு உலகத்தில் பைத்தியம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்தப் பாட்டுக்காரிமேல்தான். பாட்டுக்காரி தன் பாட்டைத் தானே கட்டுவாள், மெட்டும் அவளே போடுவாள். சினிமா பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கையில் ஒரு கம்பி வாத்தியம், பக்கத்தில் தோல் வாத்தியத்தோடு ஒருவர், அவ்வளவுதான் கச்சேரி. செங்கல் சூளையில் தூங்கும் குழந்தை, கடைசி பேருந்தை விட்டவள், பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பி, இப்படி யாரும் பாட்டாக்காத விஷயங்களைத்தான் பாடுவாள். கேட்கிறவர்களுக்குத் தங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து பாடுகிற மாதிரி இருக்கும்.

அந்தப் பாட்டுக்காரி அவர்கள் ஊருக்கு வந்தாள். சலூன்காரர்தான் ரசிகர் கூட்டத்துக்கெல்லாம் மொத்தமாக டிக்கெட் எடுத்தார். எக்ஸ்ரே அக்கா ஒரு மாதமாக அதே பேச்சாக இருந்தாள். கச்சேரி அன்று காலையில் பச்சைப் புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள், ஷிப்ட் முடிந்ததும் அங்கேயே மாற்றிக்கொண்டு நேரே அரங்கத்துக்குப் போய்விடலாமென்று.

மத்தியானம் ஒரு பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்தது. கை, கால், விலா என்று வரிசையாகத் தள்ளுவண்டியில் வந்துகொண்டே இருந்தார்கள். அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டியவர் வழியில் மாட்டிக்கொண்டார். கதிர்வீச்சுக்குத் தடுப்பாகப் போட்டிருந்த ஈய ஏப்ரனைக் கழற்ற நேரமில்லாமல் அவள் நின்றாள். ஒரு கணம், ஒரு பெண்ணின் உடைந்த தோள்பட்டையைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்நேரம் அரங்கத்தில் திரை விலகியிருக்கும் என்று நினைத்தாள். நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி ஓர் ஆசை வந்தது. பிறகு அடுத்த வண்டி வந்துவிட்டது.

மறுநாள் சலூனுக்கு வார விடுமுறை. பாதி ஷட்டரை இறக்கிவிட்டு ரசிகர்கள் உள்ளே கூடுவது வழக்கம். சுழல் நாற்காலிகளில் கணக்கு டீச்சரும் பள்ளி வேன் ஓட்டும் 'தாளம்' அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். ஹாரனைக்கூடத் தாளத்தோடுதான் அடிப்பார் என்பதால் அந்தப் பெயர். எக்ஸ்ரே அக்கா குனிந்து ஷட்டருக்குள் நுழைந்தாள். போகமுடியாமல் போன கச்சேரியைக் காதாலாவது கேட்டுவிட வேண்டும் என்று வந்திருந்தாள்.

"வாங்க வாங்க! நேத்து பாட்டுக்காரிய விட்டா நீங்கதான் கச்சேரி!" என்றார் சலூன்காரர்.

"கடுப்பேத்தாதீங்கண்ணே. நானே வயித்தெரிச்சல்ல இருக்கேன். சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?"

அவள் ஏதோ கேலி செய்கிறாள் என்ற மாதிரி அவளைப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்கள். ஆளாளுக்கு ஒரு நினைவு. ஒருவர் பேச்சில் இன்னொருவர் புகுந்தார்.

"அந்தச் செங்கல் சூளைப் பாட்டு இருக்கே, அத இப்படி மெதுவாப் பாடி நான் கேட்டதே இல்ல" என்றார் சலூன்காரர். "ஒவ்வொரு கல்லா எடுத்து வைக்கிற மாதிரி. கத்திரி புடிக்கிற விரலால நானும் முழங்கால்ல ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டிருந்தேன்."

"நடுவுல நிறுத்தினாளே, அது!" என்றாள் டீச்சர். "பாட்ட மறந்துட்டான்னுதான் நெனச்சேன். இல்ல. சும்மா நின்னுட்டு எங்களையே பாத்தா. அத்தன ஜனத்துல ஒரு இருமல் இல்ல. என் கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்கள அப்படி ஒரு நிமிஷம் உக்கார வச்சிட்டா நான் வேலைய விட்டுடலாம்."

"அந்தத் தோல் வாத்தியக்காரரு விரலாலயே மழை பெய்ய வச்சாரே, அத விட்டுட்டீங்களே" என்று தாளம் நாற்காலியின் கைப்பிடியில் அடித்துக் காட்டினார். "நான் திரும்பி அக்காவப் பாத்தேன். அக்கா கண்ண மூடிக்கிட்டு அழுதுட்டிருந்தாங்க."

"எந்த அக்கா?" என்றாள் அவள்.

"என்னக்கா நீங்க. நீங்கதான்."

"நான் எங்க வந்தேன்? நேத்து பூரா ஆஸ்பத்திரியில நின்னு கால் வீங்கிக் கெடக்கு."

மூவரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சீக்கிரம் நிறுத்தினாள். "பச்சைப் புடவை கட்டிட்டு எங்க வரிசையிலயே அந்தக் கோடியில உக்காந்திருந்தீங்க. நான் கையாட்டினேன், நீங்களும் ஆட்டினீங்க. உங்க ஓரகத்திகூட உங்க பக்கத்துலதானே இருந்தாங்க? நான்தான் அவங்களுக்கு அந்த டிக்கெட்ட குடுத்தேன். ஒரே வீட்டு ஆளுங்க, பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்னு."

பச்சைப் புடவை அவளுடைய பையில் மடிப்புக் கலையாமல் இன்னமும் இருந்தது. கைப்பையைத் துழாவி டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். ஓரம்கூடக் கிழியாத முழு டிக்கெட். சலூன்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாசல்ல கூட்டம் நெருக்கியடிச்சுது. கிழிக்காம விட்டிருப்பான்" என்றார். அவர் குரலில் தெம்பில்லை.

பேச்சை மாற்றுவதற்காகத் தாளம் புதுப்பாட்டைப் பற்றிச் சொன்னார். நேற்றுத்தான் முதல்முறையாகப் பாடினாளாம். எங்கேயும் பதிவாகாத பாட்டு, நேற்று மத்தியானம்தான் கட்டினேன் என்று மேடையிலேயே சொன்னாளாம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடிக் காட்டினார்.

"என் வீட்டுக் கதவ நானே தட்டினேன்..."

"உள்ளே இருந்து யாருன்னு நானே கேட்டேன்" என்று அவள் முடித்தாள்.

மெட்டு பிசகாமல் முடித்தாள். முடித்த பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. "பாத்தீங்களா!" என்று தாளம் தொடையைத் தட்டிச் சிரித்தார். சலூன் கண்ணாடிகளில் எதிலும் தன் முகத்தைப் பார்க்காமல் அவள் ஷட்டருக்கு வெளியே வந்தாள்.

தெருவில் நின்றபடியே ஆஸ்பத்திரி அட்டெண்டருக்குப் போன் போட்டாள். "நேத்து சாயங்காலம் நான் எங்கயாவது வெளிய போனேனா?"

"என்னக்கா கேள்வி இது? ஒண்ணுக்குப் போகக்கூட நகரலியே நீங்க. டீ கூட நான்தானே கொண்டாந்து குடுத்தேன், நின்னுட்டே குடிச்சீங்க."

அவளுடைய வீடு இரண்டு தளம். கீழே அவள் குடும்பம், மேலே கொழுந்தன் குடும்பம். கேட் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, மோட்டார் ஒன்று. ஆனால் அவளும் ஓரகத்தியும் பேசிக்கொண்டு பல வருஷமாயிற்று. மோட்டாரை நிறுத்து என்பதைக்கூடப் பிள்ளைகளைத் தூது அனுப்பித்தான் சொல்லிக்கொள்வார்கள். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில், உறவெல்லாம் கூடியிருந்தபோது, "ஊர்ல இருக்கிற நோயாளியெல்லாம் தொடுவாங்க, சொந்த மாமியார் ரூமுக்குள்ள மட்டும் கால் வைக்க மாட்டாங்க" என்று ஓரகத்தி சொல்லிவிட்டாள். அன்றோடு முடிந்தது. வேடிக்கை என்னவென்றால் மாடியிலும் அதே பாட்டுக்காரியின் பாட்டுத்தான் ஓடும். இவள் கீழே ஒரு பாட்டு போட்டால், அது முடிந்த சற்று நேரத்தில் மேலே அதற்கடுத்த பாட்டு கேட்கும். இருவரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கணவர் கடைக்குப் போயிருந்தார். திறந்தால் ஓரகத்தி நின்றாள். அழுது வீங்கிய கண்கள்.

"உள்ள வரலாமாக்கா?"

அவள் வாயில் அக்கா என்ற சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவள் வழிவிட்டாள். ஓரகத்தி சமையலறை வரை போய், முன்பெல்லாம் உட்காருகிற அதே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நேத்து நீங்க சொன்னதையே நெனச்சிட்டிருக்கேன்" என்றாள். "ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல."

அது நானில்லை என்ற வார்த்தை அவள் நுனிநாக்கில் நின்றது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொரு பயம் முந்திக்கொண்டது. "நான் என்ன சொன்னேன்?"

ஓரகத்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் புதுப்பாட்டு பாடினப்ப என் கையப் புடிச்சீங்க. காதுகிட்ட வந்து சொன்னீங்க. அத்தைக்கு மொத எக்ஸ்ரே எடுத்தது நான்தான், வெறும் சளின்னுதான் கூட்டிட்டு வந்தாங்க, படம் டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன், புத்துநோய் அப்பவே நெஞ்சு பூரா பரவியிருந்துச்சுன்னு. டாக்டர் சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்கலன்னு. அத்தை என்னையப் பாத்து 'ஒண்ணுமில்லதானே'ன்னு கேட்டாங்க, ஆமான்னு தலையாட்டிட்டேன், அதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள போய் அவங்க மொகத்தப் பாக்க முடியலன்னு சொன்னீங்க."

சமையலறைக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை இறுக்கி மூடினாள்.

அதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. சாமி முன்னால் நின்றபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த இருட்டறையில், திரையில் மாமியாரின் நெஞ்சுக்குள் எழுந்த அந்த வெள்ளைப் புகையைப் பார்த்தது அவள் ஒருத்திதான். முதலில் கோபம்தான் வந்தது, பீரோவைத் திறந்து யாரோ துணியையெல்லாம் தெருவில் வாரிப் போட்ட மாதிரி. பிறகு அவளுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லாமல் போயிற்று.

"நேத்து நான் கச்சேரிக்கு வரல" என்றாள்.

ஓரகத்தி தலையாட்டினாள். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பாட்டு முடிஞ்சு விளக்கப் போட்டதும் பக்கத்துல பாத்தேன், சீட் காலி. பாத்ரூம் போயிருப்பீங்கன்னு வாசல்ல காத்துட்டு நின்னேன். அப்புறம் வீட்டுக்கு வந்தா, என் கண்ணு முன்னாடிதான் ஆஸ்பத்திரி வண்டியிலேர்ந்து எறங்குனீங்க. யூனிபார்மோட. கையில அந்தப் பை." அவள் குரல் தாழ்ந்தது. "அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்துச்சுக்கா. பாட்டு கேட்ட மயக்கத்துல எனக்கு அது உறைக்கல."

வாசல் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. காற்றுக்கு கேட் ஆடியது, அவ்வளவுதான். இருந்தாலும் அவள் போய் கேட்டைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தெரிஞ்சும் எதுக்கு வந்தே?"

"யார் சொன்னாங்கங்கறது எனக்கு வேணாம். நெனச்சாலே கொல நடுங்குது. அவங்க சொன்னது நெசமா, அத மட்டும் கேக்க வந்தேன்."

இல்லையென்று சொல்லியிருக்கலாம், ஓரகத்தி எழுந்து மாடிக்குப் போயிருப்பாள். மறுபடியும் பிள்ளைகளை வைத்து மோட்டார் பேச்சு பேசிக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம்.

"நெசம்தான்" என்றாள். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஓரகத்தி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இத அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பேனாக்கா? பாழாப்போன வாய்." அவளும் அழுதாள். கணவர் கடையிலிருந்து திரும்பியபோது இருவரும் ஒரே தட்டில் பிஸ்கட் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மனிதர் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் இடையே கதவு மூடுவது நின்றது. சலூனில் அதைப் பற்றி யாரும் பேசவேயில்லை. டீச்சர் ஒருமுறை மட்டும், "அன்னிக்கு நீங்கதான் வந்தீங்களா இல்லையா?" என்று நேரே கேட்டாள். "ரெண்டுந்தான்னு வச்சுக்குங்க" என்றாள் எக்ஸ்ரே அக்கா. கணக்கு டீச்சருக்கு அந்த விடை பிடிக்கவில்லை. ஆனால் மேற்கொண்டு கேட்கவுமில்லை.

மழைக்காலம் முடிந்ததும் பாட்டுக்காரி பக்கத்து ஊருக்கு வந்தாள். இருவரும் சேர்ந்து போனார்கள். தாளத்தின் வேனில் போகும்போது வழியெல்லாம் கும்மாளம்தான். அரங்கத்தில் விளக்கு அணைந்ததும் சிரிப்பு அடங்கியது. தனக்கு மறுபக்கம் யாரென்று அவள் பார்த்தாள். கனத்த மனிதர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அன்று தன் உருவில் வந்தவளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திட்டியிருப்போமா நன்றி சொல்லியிருப்போமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பாட்டுக்காரி அந்தக் கதவுப் பாட்டைத் தொடங்கினாள். இரண்டாவது அடியில் அவர்களுக்குப் பின்னால் யாரோ கூடவே மெல்லப் பாடினார்கள். பெண் குரல். பாட்டுக்காரியைவிடச் சற்றுத் தாழ்ந்த சுருதி, இழுக்கவேண்டிய இடத்தில் மூச்சுப் பற்றாமல் விடுகிற குரல், வீட்டில் அவளே முணுமுணுக்கிற மாதிரி.

ஓரகத்தி விறைத்துப்போனாள். "அக்கா" என்றாள், உதடு அசையாமல். "நீங்க பாடறீங்களா?"

"இல்ல."

"திரும்பாதீங்க."

அவள் திரும்பவில்லை. பிடரியில் ஈரத்துணி பட்டாற்போல ஒரு குளிர்ச்சி இருந்தது. பாட்டுக்காரி பாடினாள், பின்னால் அந்தக் குரல் பாடியது. அடி முடிகிற இடத்தில் மூச்சு வாங்கியது, மறுபடி சேர்ந்துகொண்டது. அது யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லித் தீர்த்துவிட்ட ஆள் நிம்மதியாகப் பாடுவது போலத்தான் இருந்தது. கடைசி அடியில், தன்னையறியாமல், எக்ஸ்ரே அக்காவும் அதோடு சேர்ந்து பாடினாள்.

கைதட்டல் ஓய்ந்து விளக்குப் போட்டதும் இருவரும் எழுந்து திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஜனங்கள் பைகளைத் தேடிக்கொண்டும், குழந்தைகளை எழுப்பிக்கொண்டும், நெரிசலில் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டும் இருந்தார்கள். தாளம் வாசலில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தார்.