வண்டி அஃறிணை

மார்ச்சு மாதம் பதினான்காம் தேதி, சனிக்கிழமை காலை, என் கணவரும் அவருடைய தம்பியும் நானும் மோட்டார் சைக்கிள் விற்கும் கடைக்குச் சென்றோம். வாங்குபவள் நான், வயது அறுபத்து மூன்று, மருத்துவமனையில் தலைமைச் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். வேண்டியது, தாழ்ந்த இருக்கையும் நீண்ட உடலும் கொண்ட பெரிய குரூசர் வண்டி. திருமணமான நாள் முதல் என் கணவர் ஓட்டினார். நான் பின்னால் அமர்ந்தேன். சென்ற ஆண்டு அவருடைய பார்வை மங்கிவிட்டது. இனி நாங்கள் இடம் மாற வேண்டும். இல்லையேல் நெடுஞ்சாலைப் பயணத்தையே மறந்துவிட வேண்டும்.

கொழுந்தனார் ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: சாய்ந்து கிடக்கும் வண்டியை நான் தனியாக நிமிர்த்த வேண்டும், முடியாவிட்டால் ஸ்கூட்டர். நியாயமான நிபந்தனை. ஒப்புக்கொண்டேன்.

விற்பனையாளர் கொழுந்தனாரைப் பார்த்தே பேசினார்.

“சார், இது லேடீஸ் வண்டி இல்ல.”

“வண்டி அஃறிணை, தம்பி,” என்றேன். “அதுல ஆண்பால் பெண்பால் கிடையாது. எங்கிட்ட பேசுங்க.”

என் கணவர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

மூன்று வண்டிகளை ஒவ்வொன்றாக முடுக்கிக் காட்டினார்கள். கணவர் தலையைச் சாய்த்து எஞ்சின் ஒலியைக் கேட்டார். முதலாவது, “தொண்டை கட்டின மாதிரி இருக்கு.” மூன்றாவது, “சத்தம் அதிகம், சரக்கு கம்மி.” இரண்டாவதன் டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார்.

“சிஸ்டர், இதுதான்.”

மருத்துவமனையில் அனைவரும் அழைத்த பெயரால் என்னை அழைப்பது அவருடைய பழைய குறும்பு.

கடையின் பின்புறத்தில் ரப்பர் விரிப்பு போட்டு, அதே ரகத்தில் பயிற்சிக்கென வைத்திருந்த வண்டியை வலப்பக்கமாகச் சாய்த்தார்கள்.

“அண்ணி, யோசிச்சுக்குங்க. ஊரே உங்கள ஓட்டும்.”

“ஓட்டட்டும். என்னை ஓட்ட லைசென்ஸ் தேவையில்ல. இதை ஓட்டத் தேவை. அது எங்கிட்ட இருக்கு.”

“சரி, எப்படித் தூக்கணும்னாவது பாத்துக்குங்க,” என்று அவரே முன்வந்தார். வண்டியை நோக்கிக் குனிந்து கைப்பிடியை வெடுக்கென்று இழுத்தார். வண்டி அசையவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

நோயாளியைத் தூக்கும்போது முதுகை வளைக்கக் கூடாது என்று வார்டில் எத்தனை பேரைக் கண்டித்திருப்பேன். சைடு ஸ்டாண்டை முதலில் விரித்துவைத்தேன். வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையில் இடுப்பைப் பதித்தேன். முழுவதும் திருப்பிய கைப்பிடியை ஒரு கையாலும், இருக்கையின் அடிச்சட்டத்தை மறு கையாலும் பற்றினேன். முழங்காலை மடக்கி, தொடையின் வலுவால் பின்னோக்கித் தள்ளினேன். கால் வழுக்கியது. குதிகாலை ஊன்றி மீண்டும் தள்ளினேன். வண்டி தரையை விட்டது. பிறகு நான் நிறுத்தவில்லை. சிற்றடி வைத்துச் சிற்றடி வைத்து, அது நிமிர்ந்து ஸ்டாண்டில் சாயும்வரை தள்ளினேன்.

“என்னாச்சு?” என்று கேட்டார் கணவர்.

“நிமிந்துடுச்சு சார்,” என்றார் விற்பனையாளர்.

“எது, வண்டியா, என் தம்பியா?”

“வண்டி மட்டுந்தாங்க,” என்றேன்.

இறுதியில் முடிவானது இது: இரண்டாம் வண்டி, கறுப்பு நிறம், என் பெயரில். பின்னிருக்கைக்குச் சாய்மானம் பொருத்தித் தர வேண்டும்; அங்கே என் கணவர் அமர்வார். கொழுந்தனார் மூன்று நாள் குனியக் கூடாது.