இடது பின் சக்கரம்

அறுபதைத் தொட்டதும் கார் மறுபடி உதறத் தொடங்கியது. பின்சீட்டில் அப்பாவின் தலையை மடியில் தாங்கியிருந்த சத்யப்பிரியாவுக்குத் தொடை வழியாக அந்த உதறல் ஏறியது. நாற்பதுக்கு இறங்கினால் உதறல் நின்றுவிடும். அறுபதுக்குப் போனால் வண்டிக்குக் குளிர் ஜுரம் கண்டுவிடும்.

"மெதுவாவே போலாமுங்ணா."

"மெதுவாப் போனா எப்பப் போய்ச் சேர்றது?" என்றான் இளங்குமரன். "இந்த டப்பாவ வித்துப்போடுங்கன்னு நாலு வருசமாச் சொல்றேன். யாரு கேட்டா?"

சாகக் கிடக்கிறவரின் காதுபட அவருடைய வண்டியைத் திட்ட அண்ணனால்தான் முடியும்.

காலையில் கோவை ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். நாற்பது வருடம் பனியன் கம்பெனிப் பஞ்சை இழுத்த நுரையீரல். இன்னும் சில மணி நேரம்தான் என்றார்கள். சென்னியப்பன் கேட்டது ஒன்றே ஒன்று. திருப்பூர் மண்ணரையில், தன் வீட்டுக்குள் போய்ச் சாக வேண்டும். வெளியில் போன உயிரென்றால் உடலை வாசற்படி தாண்ட விட மாட்டார்கள். தறிக்குடோனில் விழுந்து செத்த தன் அப்பாவைத் தெருவில் கிடத்தி, மழை வந்ததும் மேலே தார்பாயைப் போட்டு மூடியதைப் பத்து வயதில் பார்த்தவர் அவர். "என்னையத் தெருவுல போட்றாதீங்க சாமி" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் வேண்டாம், என் கார் போதும் என்றதும் அவர்தான். இருபத்திரண்டு வருட வண்டி. அதன் மேல் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை.

கண்ணைத் திறக்காமலே கேட்டார். "ஸ்டேரிங் ஆடுதா... சீட்டு ஆடுதா?"

"சீட்டுத்தானுங்ப்பா."

"அப்பப் பின்னாடி சக்கரம்." மூச்சு வாங்கினார். "அன்னைக்கு மாத்துனோமே... அது எது கண்ணு?"

பதினோரு நாளைக்கு முன்னால், இதே சாலையில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது டயர் பஞ்சராகிவிட்டது. அண்ணனுக்கு அன்றைக்கு ஷிப்மெண்ட். சத்யாவே ஜாக்கி வைத்து ஸ்டெப்னியை மாட்டினாள். இரைத்துக்கொண்டே முன்சீட்டிலிருந்து, "சக்கரம் உக்கார்ற எடத்துல துரு இருக்கும், தொடச்சுட்டு மாட்டு" என்றார் அப்பா. டிக்கியில் எப்போதும் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கிடக்கும். திருப்பூர்க்காரர்களுக்குக் கை துடைக்க வேறு துணி ஏது? ஒரு கை அள்ளித் துடைத்துவிட்டு, அவசர அவசரமாகச் சக்கரத்தைத் தூக்கி வைத்து முடுக்கினாள். "என் மவ ஆம்பளைக்கு மேல" என்று நர்சிடம் அவர் சொன்னதைப் பதினோரு நாளும் நெஞ்சுக்குள் வைத்திருந்தாள்.

"இடது பின்னாடிங்ப்பா."

"அதக் கழட்டிப் பாரு."

இளங்குமரன் சிரித்தான். "இவ மாட்டுனதா? அப்பச் செரி. வெளங்கீரும்."

அவளுக்குச் சுருக்கென்றது. "நான் நல்லாத்தான் முடுக்குனேன். அந்தச் சக்கரத்துக்கு ஒண்ணுமில்ல. வேணும்னா முன்னாடி பாருங்க."

அப்பா அதற்கு மேல் பேசவில்லை.

அவிநாசிக்குச் சற்று முன்னால் ஒரு வீல் அலைன்மென்ட் கடை. பத்து நிமிடம் என்று நிறுத்தினான். வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தியதும் அப்பா அவள் மேல் சரிந்தார். முப்பத்தைந்து நிமிடம் அப்படியே சாய்ந்து கிடந்தார். கடைக்காரர் மதுரைப் பக்கத்து ஆள். இரண்டு சக்கரத்தையும் கழற்றி மிஷினில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"முன்னாடி ரெண்டும் சுத்தமா இருக்குண்ணே. பின்னாடி கழட்டிப் பாத்துருவமா? அஞ்சே நிமிசந்தேன்."

இளங்குமரன் ஜன்னலுக்குள் குனிந்தான். இந்த முறை சிரிப்பில்லை. "நீதான புள்ள மாட்டுன? என்ன சொல்ற?"

அப்பாவின் விரல் அவள் மணிக்கட்டில் அசைந்தது. அதை அவள் உணர்ந்தாள். உணர்ந்தும்தான் சொன்னாள்.

"ஒண்ணுமில்லீங்ணா. நேரமாச்சு, போலாம்."

நாற்பதிலேயே உருட்டிக்கொண்டு வந்தார்கள். திருப்பூருக்குள் நுழைந்தாயிற்று. வீட்டுக்கு இரண்டே கிலோமீட்டர். சிக்னலில் எண்பது நொடி ஓடிக்கொண்டிருந்தபோது மடியில் கனம் மாறியது. சத்யா கத்தவில்லை. பச்சை விழுந்து பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் அண்ணன் திரும்பிப் பார்த்தான்.

"உசுரு இருக்குதுன்னே சொல்லி உள்ள கொண்டு போயிரலாம்," என்றான். 

வாசலில் அத்தை செல்லாத்தாள் தம்பியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். நூறு சாவு பார்த்த கை. அதை ஏமாற்ற முடியுமா? "இது வெளியவே போன உசுரு. இங்கயே எறக்குங்க." அம்மா சாரதாமணி ஹாலில் விரித்து வைத்திருந்த மெத்தையைச் சுருட்டி, பீரோவுக்கு மேல் வைத்தாள்.

மறுநாள் காலை தெருவில், ஷாமியானாவுக்குக் கீழே சென்னியப்பன் கிடந்தார். நல்லவேளையாக மழை இல்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சுத்தான்.

"சாகற அப்பன உள்ள போட்டுட்டு வண்டிக்கு வைத்தியம் பாத்தானாமா. பெத்தாரு பாரு புள்ள!" அத்தை எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். இளங்குமரன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சத்யப்பிரியா எழுந்து, கார் நின்றிருந்த சந்துக்குள் போனாள். ஜாக்கியை எடுத்தாள். இடது பின் சக்கரத்தின் நட்டுகளில் இரண்டுக்கு ஸ்பேனரே தேவைப்படவில்லை. விரலுக்கே கழன்று வந்தன. சக்கரத்தை இழுத்ததும் அது தெரிந்தது. உள்ளங்கை அளவு பச்சைப் பனியன் துண்டு. துடைத்த கையோடு உள்ளேயே விட்டுவிட்டாள். அதன் மேலேயே சக்கரத்தை வைத்து முடுக்கியிருக்கிறாள். அப்பளம் போல நசுங்கி, ஓரம் கருகி ஒட்டியிருந்தது. சக்கரம் ஒரு நாளும் சரியாக உட்காரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்த மனிதரை வாயை மூட வைத்தவள் அவள். தன்மேலேயே அருவருப்பு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"சத்யா, வாய்க்கரிசி போடக் கூப்புடறாங்க." அண்ணன் பின்னால் நின்றான். கழற்றிக் கிடந்த சக்கரத்தைப் பார்த்தான். "அதுல ஏதாச்சும் இருந்துச்சா?"

பனியன் துண்டு அவள் கைக்குள் இருந்தது.

"ஒண்ணுமில்லீங்ணா."

அவன் தலையாட்டினான். தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். "அப்ப நாந்தான் புள்ள. அங்க நிறுத்தாம வந்திருக்கோணும்."

இல்லை என்று அவள் சொல்லவில்லை.

வாசல் குழாயில் கையைக் கழுவினாள். கறுப்பு மசி சோப்புக்கும் போகவில்லை. வரிசையில் நின்று, முறத்திலிருந்து அரிசியை அள்ளி, அப்பாவின் உதட்டில் மூன்று முறை போட்டாள். வெள்ளை அரிசியில் நாலைந்து கறுத்துக் கிடந்தன.

அம்மா குனிந்து, முந்தானை நுனியால் அவற்றை மட்டும் ஒற்றி எடுத்தாள்.