யாரிடமும் சொல்லாமல் தண்ணீரைச் சரிசெய்வது

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் எடுத்தேன். வடசேரியில் தண்ணீர் ஃபில்டர் விற்கும் கடையொன்றில் குழாய்க்கு வாஷர் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி கடைக்காரரிடம் கேட்டார்: "இந்த ரெண்டு மெஷினயும் போட்டாச்சுண்ணா, பொறவு யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லண்டாம், இல்லியா?"

கடைக்காரர் சிரித்தார். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை.

என் கையில் இருப்பது அந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் நான் கட்டியது, லீலாபாய் என்ற பெயர் உட்பட. வயது அறுபது. ஓய்வுபெற்ற நர்ஸ். தனியாக இருக்கிறார். ஊர், முட்டம் போகிற சாலையில் எங்கோ.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கிணறு என்பது ஒரு குடும்பத்தின் —

[வேண்டாம். கிணறு என்பது கிணறு.]

அடுத்தது: லீலாபாயின் வெள்ளைப் புடவைகள் ஒவ்வொன்றாகப் பழுப்பாகிக்கொண்டு வந்தன.

இது பரவாயில்லை. இதோடு போகலாம்.

புடவை மட்டுமல்ல, குளியலறைத் தரையும் பழுப்பானது. சாயா போட்டால் மை மாதிரி கறுத்தது. சேதி தெரிந்து ஒரு ஃபில்டர் கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்தார். ஒரு டம்ளரில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் அவருடைய மெஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை முக்கி சுவிட்சைப் போட்டார். கிணற்றுத் தண்ணீர் சேறாகப் பொங்கியது. மற்றது கண்ணாடி மாதிரி நின்றது.

"பாத்தியளா அம்மா? இதத்தான் குடிக்கிறிய."

லீலாபாய் அடுக்களைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து அவருடைய டம்ளரில் போட்டார்.

"இப்பம் முக்கும் பாப்பம்."

அதுவும் சேறானது. (கரைவது கம்பிதான். உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அவ்வளவே. இந்த இடத்தை எழுதும்போது எனக்கு லீலாபாயைப் பிடித்துப்போயிற்று. கதைக்கு அது நல்லதில்லை.)

3

லீலாபாய் கிணற்றுத் தண்ணீரைக் குப்பியில் பிடித்து நாகர்கோவிலில் பரிசோதனைக்குக் கொடுத்தார். உப்பு அளவுக்குள்தான். இரும்பு கூடுதல். மலத்திலிருந்து வரும் கிருமி உண்டு.

பரிசோதனைத் தாளைப் பார்த்த ஜெனின் என்ற அந்தக் கடைக்காரர் நேர்மையாகவே பேசினார். "ஆர்.ஓ. ஒங்களுக்கு வேண்டாம் அக்கா. உப்புத் தண்ணிக்குள்ளது அது, பாதித் தண்ணி வெறுதே போவும். மொதல்ல இரும்புக்கு ஒரு ஃபில்டர். அதுக்கப்புறம் கிருமிக்கு யூவி லைட்டு. இரும்ப எடுக்காம லைட்டு வச்சா கண்ணாடியில கறை பிடிச்சு ஒண்ணுக்கும் ஆவாது."

"கிருமி எங்கேருந்து வருது?"

"அது நீங்கதான் பாக்கணும்."

பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. கிணற்றுக்கு அந்தப் பக்கம் தம்பி வினோஜின் வீடு. போன வருஷம் அவன் தோண்டிய கக்கூஸ் குழி கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சொத்தைப் பாகம் பிரித்தபோது முறைத்துக்கொண்டு நாலு வருஷம் பேசாமல் இருந்தவன், இந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் கேக்கோடு அக்கா வீட்டுப் படியேறினான். அதனால்தான் கடையில் அந்தக் கேள்வி.

(வினோஜை முதலில் கெட்டவனாக எழுதினேன். மூன்று பத்தி. ஒட்டவில்லை. வீட்டின் மறுபக்கம் முழுக்கப் பாறை. கொத்தனார் காட்டிய இடத்தில் தோண்டினான். அவன் செய்தது அவ்வளவுதான்.)

4

எழுதிய முதல் முடிவு இது: இரண்டு மெஷினும் வந்தன. சாயா மறுபடி சிவந்தது. தம்பி வந்து குடித்துவிட்டு, "நல்லாருக்கு அக்கா" என்றான். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

நன்றாகத்தான் இருந்தது. எழுதி முடித்த பிறகுதான் வினோஜின் மருமகள் லிஜாவும் அவளுடைய ஆறு மாதக் குழந்தையும் ஞாபகம் வந்தார்கள். நானே உண்டாக்கியவர்கள், நானே மறந்திருந்தேன். அவர்கள் வீட்டுக்கும் அதே கிணறுதான்.

லீலாபாய் மறக்கவில்லை. கடையில் ஆர்டர் கொடுக்காமலேயே ஊருக்கு பஸ் ஏறினார். தாள் கைப்பையில் இருந்தது. அதைக் காட்டுவதா என்று தீர்மானிக்காமலேயே தம்பி வீட்டுக்குள் போனார்.

லிஜா பால் புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

"இன்னும் வயித்தால போவுது மாமி. இந்த மாசத்துல இது ரெண்டாமத்த வாட்டி."

"பால்பொடி எந்தத் தண்ணியில கலக்குன?"

"நம்ம கிணத்துத் தண்ணிதான்."

"திளைக்க வச்சியா?"

"இல்ல மாமி, லேசா சூடாக்கினேன்."

லீலாபாய் புட்டியை வாங்கினார். பாலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். எட்டிப் பார்த்த வினோஜ், "என்னத்துக்குக் கொட்டுத?" என்றான்.

தாளை நீட்டினார்.

அவன் படித்தான். மறுபடி படித்தான். "எனக்க வீட்டுக் கக்கூஸுதான் காரணம்ணு சொல்ல வாறியா?"

"தெரியாதுடே. குழி பக்கத்துல இருக்கு. பிள்ளைக்கு வயித்தால போவுது. மெஷின் வச்சு நான் தப்பிச்சிரலாம்ணுதான் நெனச்சேன்."

"நாலு வருசத்துக்குப் பொறவு நீ இந்த வீட்டுக்கு வந்தது இதச் சொல்லதுக்கா?"

தாளை மேசைமேல் எறிந்துவிட்டு வெளியே போனான்.

5

[இங்கே லீலாபாய் அழுவதாக ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். அடுப்பைப் பற்றவைத்து, "இருபது நிமிசமாவது திளைக்கட்டு" என்று லிஜாவிடம் சொன்ன —

இல்லை, ஐந்து நிமிஷம் போதும். நர்ஸுக்குத் தெரியும்.]

வெளியிலிருந்து சத்தம் வந்தது. "அக்கா! இஞ்ச வா."

வினோஜ் குழியின் ஓரத்தில் அளக்கிற டேப்போடு நின்றான். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. "இந்த மொனையக் கொண்டுபோய் கிணத்துச் சுவருல பிடி."

பிடித்தார். அவன் குனிந்து டேப்பில் உள்ள எண்ணைப் பார்க்கிறான்.

நிமிர்ந்து அவன் என்ன சொல்வான் என்பதை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் என் குரல்தான் கேட்டது. அவனை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பக்கத்து வீட்டிலேயேகூட இருக்கலாம். நீங்களே சொல்லுங்கள். அவசரமில்லை, யோசித்துச் சொன்னால் போதும். குழந்தைக்கான தண்ணீர் கொதித்து இறங்கிவிட்டது. லிஜா அதை ஆற்றிக்கொண்டிருக்கிறாள்.